மாவுக்கட்டுப் போட்ட ஆரஞ்சுக் கன்று

மாண்புமிகு இளைய சகோதரர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, மூத்த சகோதரன் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருப்பவன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் இல்லத்தரசியும் தங்கள் புதிய காரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றித் தாங்கள் விசாரிக்காததால் நானே சொல்லிவிடுகிறேன். வலது முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே அழுகிறது. இடது முழங்கால் அதற்குத் துணைக்கு அழுகிறது. தங்கள் அண்ணி திடமாக இருக்கிறாள். அவளை வியாதி அண்டாது. அண்டினால் வியாதிக்குத்தான் கஷ்டம்.

நிற்க. தாங்கள் அண்ணியின் போனுக்கு அனுப்பிய செய்தி கிடைத்தது. 'அண்ணி, ஞாயித்துக்கிழமை பின்பக்கத்து ஆரஞ்சு மரத்த எடுக்குறோம். கார் நிறுத்த வேற இடம் இல்ல. அண்ணனுக்கு ஒட்டுக் குச்சி வேணும்னா அதுக்குள்ள வந்து வெட்டிக்கச் சொல்லுங்க.' மரத்தை எடுக்கிறார்களாம். பல்லா அது, எடுப்பதற்கு? வெட்டுகிறோம் என்று எழுதத் தங்களுக்கே கை கூசியிருக்கிறது. அந்த மட்டும் சந்தோஷம். இதற்கு என் பதில் ஒரே வரிதான்: தாராளமாக வெட்டுங்கள், எனக்குத் தங்கள் மரமும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தாளில் இவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, வீணாக்க மனம் வரவில்லை. போனில் சொல்லலாமே என்று தோன்றும். தங்கள் எண்ணை என் போனிலிருந்து அழித்துப் பல மாதம் ஆகிறது. மேலும் இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வரும்போது மரம் விழுந்து, விறகாகி, அந்த இடத்தில் கார் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவேதான் தபாலில் போடுகிறேன். கடைசி நேரத்தில் அண்ணன் வந்து கெஞ்சினான் என்ற பேச்சு வரக்கூடாது.

அப்பா போன பிறகு வீடு தங்களுக்கு என்று ஆனது. 'உனக்குத்தான் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் இருக்கே அண்ணா' என்றீர்கள். இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அதன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்தேன். இங்கே சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமானால் மற்றவர் வெளியே வர வேண்டும். இதைப் பற்றி என்றைக்காவது நான் ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா? இல்லை. இப்போதும் பேசவில்லை. வீடு தங்களுக்கு, எனக்கு ஒன்றுமில்லை என்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல் இருக்காது. நான் பேசுவது மரத்தைப் பற்றி மட்டும். பாகம் பிரித்த அன்று தாங்களே சொன்னீர்கள்: 'மரம் ரெண்டு பேருக்கும் பொது அண்ணா. எப்ப காய்ச்சாலும் நீ வந்து பறிச்சுக்கோ.' அதை நம்பி வருடா வருடம் வந்தேன். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும் மரம் அது. எது காய், எது பழம் என்று கண்ணுக்குத் தெரியாது, கையில் ஏந்தி எடை பார்த்தால்தான் தெரியும். தங்களுக்கு அந்தக் கை கிடையாது என்பதால் நான்தான் ஏணி ஏற வேண்டும். தாங்கள் கீழே நின்று 'அந்தக் கிளைய விட்டுட்டியே, இந்தக் கிளைய விட்டுட்டியே' என்று அதிகாரம் செய்வீர்கள். பிறகு இருவரும் மரத்தடியிலேயே உட்கார்ந்து உரித்துத் தின்போம், யார் அதிகம் தின்றது என்று சண்டை போடுவோம். தலை நரைத்த பிறகும் போட்டோம்.

போன தடவை காய்ப்புக்கு வந்தேனே, அதைத் தாங்கள் மறந்திருப்பீர்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும். இரண்டு பஸ் மாறி, துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் வந்து நிற்கிறேன், இரும்புக் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. தங்கள் இல்லத்தரசி உள்ளேயிருந்து வந்தாள். "வாங்க மாமா. அவருக்குத் தலைசுத்தல், மாத்திரை போட்டு இப்பத்தான் கண் அசந்தாரு. சாவி அவர் தலைமாட்டுல இருக்கு, எடுத்தா முழிச்சுக்குவாரு" என்றாள். நான் துணிப்பையை எடுத்துக் காட்டினேன். "நீங்க ஏன் மாமா இந்த வயசுல ஏணி ஏறிக்கிட்டு, நாங்களே ஆள் விட்டுப் பறிச்சு வச்சுட்டோம்" என்று ஒரு பை நிறையக் கொண்டு வந்தாள். பை கேட்டுக் கம்பிக்குள் நுழையவில்லை. அதனால் ஒவ்வொரு பழமாகக் கம்பி வழியே நீட்டினாள். நான் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் போட்டேன். தெருவில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஜெயிலில் இருப்பவனுக்குப் பழம் கொடுக்க வருவார்களே, அப்படி இருந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் புரியவில்லை. பாதிக்கு மேல் காய். வீட்டுக்கு வந்து ஒன்றைக்கூட உரிக்கவில்லை நான். அன்றைக்கே முடிவு செய்தேன்: அதே மரம் என் வீட்டில் முளைக்க வேண்டும், அதே பழத்தை என் கையால் பறிக்க வேண்டும், இனி ஆயுசுக்கும் உன் கேட்டில் நான் வந்து நிற்கக்கூடாது.

பார், 'உன்' என்று வந்துவிட்டது. இவ்வளவு நேரம் 'தாங்கள்' எழுதிக் கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள். குறைந்துதான் விட்டது.

விதை போட வேண்டியதுதானே என்று உன் அண்ணி கேட்டாள். விதை போட்டால் அது முளைத்து, முள்ளாக வளர்ந்து, என்றைக்கோ ஒரு நாள் மனம் வந்தால் காய்க்கும்; அன்றைக்குப் பறிக்க நான் இருக்க வேண்டாமா? ஒட்டுக் கட்டினால் சீக்கிரம் காய்க்கும், தாய் மரத்தின் பழமே அச்சாக வரும். காட்டு எலுமிச்சை நாற்று ஒன்றை அடிச்செடியாக வைத்துக்கொண்டு, பென்சில் கனத்துக்கு அது வளர்ந்ததும் பட்டையில் கத்தியால் கோடு கிழித்து, பட்டையை இரண்டு பக்கமும் லேசாக விலக்கி, தாய் மரத்துக் குச்சியிலிருந்து துளிர் விடுகிற ஒரே ஒரு கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து உள்ளே செருகிக் கட்ட வேண்டும். தெரிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது என் தொழில். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் முடி நரைத்தவன் நான். டாக்டர்கள் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஒட்ட வைத்தது நான்தான். மனுஷத் தோலையே ஒட்ட வைத்தவனுக்கு மரத்தோல் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

உன்னிடம் குச்சி கேட்டு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். நீ பஸ் பார்சலில் அனுப்பினாய், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில். இலையைக் கிள்ளிவிட்டு, காம்பை மட்டும் விட்டு, ஈரத் துணியில் சுற்றி அனுப்பு என்று அவ்வளவு விவரமாகச் சொல்லியும் இலையும் தழையுமாக, காய்ந்து, பெட்டியைத் திறந்தால் பல் குத்தும் குச்சி மாதிரி கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. நாலு குச்சியில் ஒன்று கொய்யா. கொய்யாவுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம்தான் அந்த மரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை நினைத்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உன் அண்ணி, "அவரு அவசரத்துல வெட்டியிருப்பாரு, விடுங்க" என்றாள். அவசரமாம். மரத்துக்குப் பின்னால் பஸ்ஸா நின்றுகொண்டிருந்தது?

இருந்த மூன்றில் பச்சை தெரிந்த கண்களாகப் பார்த்துச் சீவி எடுத்தேன். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தேன், கையைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினேன், உன் அண்ணியை டார்ச் அடிக்கச் சொன்னேன். நாலு நாற்றில் கண் செருகி, சுத்தமான காஸ் துணி வைத்து, பேண்டேஜ் சுற்றி, முடிச்சை ஓரமாகப் போட்டேன், அழுத்தாமல் இருக்க. அழகைச் சொல்கிறேன், அந்தக் கட்டைப் பார்த்தால் பெரிய டாக்டரே தட்டிக் கொடுத்திருப்பார். பிறகு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். தினமும் காலையில் கட்டைப் பிரித்தேன், பார்த்தேன், பஞ்சால் ஒற்றினேன், புதுக் கட்டுப் போட்டேன். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சல் அடித்த அன்றும் எழுந்து வந்து கட்டு மாற்றினேன். நாலும் செத்துப்போயின. கறுத்து, சுருங்கி, தொட்டால் பக்கு மாதிரி உதிர்ந்து விழுந்தன.

நாற்று வாங்கிய நர்சரிக்காரரிடம் போனேன். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே இருக்கும் ஆள், எதிரே நிற்பவனை ஏற இறங்கப் பார்த்துத்தான் பேசுவார்.

"கட்டப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"தினமும்."

"தினமுமா?"

"காலையில ஒரு தடவ. கசிவு இருந்தா சாயங்காலமும்."

மெல்லுவதை நிறுத்திவிட்டார். "சார், இது என்ன புண்ணா? துணியிலயா கட்டுனீங்க? காத்துப் புகாம பிளாஸ்டிக் பட்டையில இறுக்கிச் சுத்திட்டு, மூணு வாரத்துக்கு அந்தப் பக்கமே போவக் கூடாது."

"பிரிக்காம விட்ட கேசெல்லாம் சீழ் பிடிச்சு எங்கிட்டதான் வரும். உங்களுக்குத் தெரியுமா?"

"செடிக்கு ஏது சார் சீழு? ஏன் இந்தப் பாடு உங்களுக்கு? ரெடியா ஒட்டுச் செடி இருக்கு, காயோடவே தரேன், எடுத்துட்டுப் போங்க." என்று ஒரு கன்றைத் தூக்கி வைத்தார். முழங்கால் உயரம்கூட இல்லை, உச்சியில் ஒரு ஆரஞ்சு தொங்கியது. எனக்கே ஒரு நிமிடம் சபலம் தட்டியது. காம்பைத் திருகிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. பழத்தைப் பச்சை நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கட்டு யார் போட்டாலும் என் கண்ணுக்குத் தப்புமா? அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. உன் தெரு, அவர் தெரு என்று போகாத தெருக்கள் கூடிக்கொண்டே போகின்றன, நடப்பதற்குத்தான் இடம் குறைகிறது.

ஆனாலும் ஆள் சொன்னதில் ஒன்று மனதில் தைத்தது: பிரிக்காமல் விட வேண்டும். பிளாஸ்டிக் பட்டை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், பிரிக்காமல் இருக்கிற கைக்கு நான் எங்கே போவேன்? விடிந்தால் என் விரல்கள் தானாகக் கட்டைத் தேடிப் போகின்றன. உன் அண்ணி விரலில் ஒருமுறை கத்தி பட்டபோது, ஆறின பிறகும் நான் கட்டு மாற்றிக்கொண்டே இருந்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆகவே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இதை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன். மாவுக்கட்டு. எலும்பு முறிந்தவன் தன் கையை ஆட்டக்கூடாது என்றுதானே மாவுக்கட்டுப் போடுகிறோம். இங்கே நான் என் கையை ஆட்டக்கூடாது என்பதற்காகச் செடிக்குப் போட்டேன். மருந்துக் கடையில் கட்டு மாவு கேட்டபோது, "யாருக்கு சார், எங்க முறிவு?" என்று கேட்டான். வீட்டில் ஒரு சின்ன உருப்படிக்கு என்று சொல்லி வாங்கி வந்தேன்.

இதற்கு வேண்டிய குச்சியை இந்த முறை உன்னிடம் கேட்கவில்லை. உன் இல்லத்தரசிக்கு உடம்பு சரியில்லை என்று உன் அண்ணி பார்க்க வந்தாளே, அப்போது அவளே பின்பக்கம் போய் வெட்டி, இலை கிள்ளி, ஈரத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வந்து உன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். நான் தடுப்பதில்லை. திரும்பி வந்ததும் நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதுமில்லை. அவளாகச் சொன்னால் காதில் விழும், அவ்வளவுதான். தலைசுற்றல் இன்னும் இருக்கிறது என்று காதில் விழுந்தது. உப்பைக் குறை. இது பொதுவாக எல்லோருக்கும் சொல்வது.

இரண்டு நாற்றில் கண் செருகினேன். பட்டை வழுக்கிக்கொண்டு விலகியது, கண் போய் உட்கார்ந்தது, பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, மேலே மாவுக்கட்டையும் போட்டு, ஈரக் கையால் நீவிவிட்டேன். வெள்ளை வெளேர் என்று என்ன நேர்த்தி தெரியுமா. மறுநாள் காலையில் கை தானாகப் போனது, தட்டிப் பார்த்தது, கல்லாக இருந்தது, திரும்பி வந்தது. திட்டம் பலித்தது என்று நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாற்று கட்டின் பாரம் தாங்காமல் இடுப்போடு ஒடிந்து விழுந்தது. மற்றதும் சாய ஆரம்பித்தது. விடுவேனா? இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினேன், கை ஒடிந்தவனுக்குக் கழுத்திலிருந்து துணித் தூளி போடுவோமே, அதேபோல ஒரு தூளி போட்டுத் துணி உலர்த்தும் கம்பியில் மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "எப்படி சார் விழுந்துது?" என்று விசாரித்தார். நானும், "படியில கால் தவறிடுச்சு" என்று சொல்லி வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இந்தத் தெருவில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

நாளானதும் முறைப்படி அடிச்செடியின் தலையைக் கட்டுக்கு மேலே வெட்டிவிட்டேன். அப்போதுதான் சத்து முழுவதும் நாம் வைத்த கண்ணுக்குப் போகும். சின்னவனே, கேள். கொஞ்ச நாளில் கட்டின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. மேலே வழியில்லாமல், மாவுக்கட்டுக்குள்ளேயே துழாவி, கீழ்ப்பக்கமாக வழி கண்டுபிடித்து வெளியே வந்திருக்கிறது. நான் வாசலுக்கு ஓடி உன் அண்ணியைக் கூப்பிட்டேன். முழங்கால் வலி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அவள் உன்னிடம் சொல்லியிருந்தால் அது பொய், வெயில். அந்தத் துளிர் இன்றைக்கு என் தோள் உயரம். உன் மரத்தில் முள்ளே கிடையாது, இதில் கணுவுக்குக் கணு முள், விரல் நீளம். இலை தளதளவென்று இருக்கிறது. உன் மரத்தைவிட இது வீரியமான பிறவி என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? மாவுக்கட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. நன்றாக ஆறிய இடத்தை ஏன் நோண்ட வேண்டும் என்று நானே சொல்கிற காலம் வந்துவிட்டது பார்.

ஆகவே உன் குச்சி எனக்கு வேண்டாம். உன் மரமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக்கூட வேண்டாம், ஆள் கிடைத்தால் இன்றைக்கே வெட்டு. வேரோடு தோண்டு, சிமெண்டு பூசு, மேலே தகரம் போடு. கார் வெயிலில் நின்றால் நிறம் போய்விடும். அண்ணன் வெயிலில் நின்றால் என்ன போகும்? இனி காய்ப்புக்குக் காய்ப்பு இரண்டு பஸ் மாறி உன் வீட்டுக்கு வர எனக்கு அவசியம் இல்லை. உனக்கும் மாத்திரை போட்டுத் தூங்குகிற சிரமம் இல்லை. நம் இருவருக்கும் நடுவில் பொது என்று இருந்தது அந்த மரம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையோடு அந்தத் தொல்லையும் விட்டது.

உன் காருக்கு நிழலும், உனக்கு நல்ல தூக்கமும், உன் கேட்டுப் பூட்டுக்குத் துருப் பிடிக்காத ஆயுளும் கிடைக்க மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன். உன் இல்லத்தரசிக்கு என் விசாரிப்பைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தன் சொந்த ஆரஞ்சு மரத்தின் நிழலில் உட்காரப் போகும்
உன் அண்ணன்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. தம்பி, மரத்தை வெட்டாதே.

மேலே எழுதியதைத் தபாலில் போடுமுன் உன் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். முள் என்று எழுதியிருக்கிற இடம் வரை படித்தவள், எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். ஒரு இலையைக் கசக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க" என்றாள். எனக்குத்தான் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டிலும் சீழிலும் மூக்கு செத்துப் பல வருடம் ஆகிறதே, என்ன தெரியும். "அப்ப நான் சொல்றதக் கேளுங்க. இது ஆரஞ்சு வாசமே இல்ல. காட்டு எலுமிச்ச" என்றாள். நான் நம்பவில்லை. மசாலா இடிக்கும் கல்லை எடுத்துப் போய் மாவுக்கட்டை ஒரே தட்டில் உடைத்துவிட்டாள். உள்ளே நான் வைத்த கண் வைத்தபடியே இருந்தது, கறுத்து, நகம் மாதிரி காய்ந்து. அது செத்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். துளிர் வந்தது ஒட்டிலிருந்து இல்லை, அதற்கும் கீழே அடிச்செடியிலிருந்து. இத்தனை மாதம் தூளி கட்டி, தண்ணீர் ஊற்றி, தெருவைக் கூப்பிட்டுக் காட்டி நான் வளர்த்தது அந்த நர்சரிக்காரரின் காட்டு எலுமிச்சையை. கட்டு மட்டும் கடைசி வரை ஒரு கீறல் விழாமல் நன்றாக இருந்தது.

"ஆரஞ்சு இல்லன்னா என்ன, காட்டு எலுமிச்ச இருக்கு. இனிமே அங்க போக வேண்டியதில்லன்னு எழுதியிருக்கீங்க. அதுதானே உங்களுக்கு வேணும்?" என்று மிச்சத்தையும் படித்துவிட்டு உன் அண்ணி கேட்டாள். அவள் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். உன் வீட்டம்மா எடுத்தாள், நான் ஹலோ என்றதும், "மாமா, நீங்களா?" என்றாள். உடனே வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட வெட்கமாக இருக்கிறது. அதனால் நானே புறப்பட்டு வருகிறேன். நேரில் உன்னைப் பார்த்தாலும் வாய் வராது என்று தெரியும், அதனால் இந்தத் தாளை உன் கையில் கொடுப்பேன். இந்தப் பக்கத்தை மட்டும் படி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன், வீட்டில் வேறு தாள் இல்லை, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

குச்சிக்காக வருகிறேன் என்று நினைக்காதே. இன்றைக்கு நீ வண்டி நிறையக் குச்சி வெட்டிக் கொடுத்தாலும் என் கையில் அது ஒட்டாது, எனக்கே தெரிந்துவிட்டது. மரம் நிற்கட்டும்டா. அது போய்விட்டால் உன்னைப் பார்க்க வருவதற்கு நான் என்ன காரணம் சொல்லிக்கொண்டு வருவேன்?